பல் டிரில்லில் தொடங்கிய பருத்தழும்பு வைத்தியம்

1/ "பரு போயிடுச்சு டாக்டர், பள்ளம் போகல. எம்.என்.ஆர்.எஃப். பண்ணிக்கலாமா?" இப்போ அடிக்கடி வரும் கேள்வி இது. மைக்ரோநீடில் ரேடியோ அலை சிகிச்சையைத்தான் கேக்குறாங்க. அந்தக் கருவி எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா, பாதி பதில் உங்களுக்கே கிடைச்சிடும். வாங்க, பார்ப்போம்.

2/ 1905. எர்ன்ஸ்ட் க்ரோமேயர் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர், பல் டிரில் போலச் சுழலும் கருவியால் தழும்பைச் சுரண்டிப் பார்த்தார். காயம் மேலாக இருந்தால் தடயமில்லாமல் ஆறுது. அடித்தோலுக்குள் ஆழமாப் போனா அதுவே புதுத் தழும்பு. இந்த விதியை மனசுல வச்சுக்கோங்க.

3/ 1953-இல் நியூயார்க்கின் ஆப்னர் கர்ட்டின், மோட்டாரில் சுழலும் கம்பி பிரஷ்ஷால் இதே முறையைப் பரவலாக்கினார். பிறகு கார்பன் டை ஆக்ஸைடு லேசர் வந்தது. கருவி மாறினாலும் வழி ஒன்றுதான்: மேல்தோலை எடுத்துவிடுவது. முகமெல்லாம் ரணம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் ரணம் ஆறினாலும் கருமை படிஞ்சிடும்.

4/ 1995-இல் நார்மன் ஓரன்ட்ரைக்கும் டேவிட் ஓரன்ட்ரைக்கும் வேறு வழி காட்டினாங்க. சில பள்ளங்களை உள்ளே நார்த்திசு கீழே இழுத்துப் பிடிச்சிருக்கும். ஊசியை உள்ளே விட்டு அந்தக் கட்டை அறுத்தால் தோல் மேலே எழும்பும். இதுதான் சப்சிஷன்.

5/ 1997-இல் கனடாவின் காமிரான்ட், டூசே இருவரும் எழுதியது இன்னும் சுவாரசியம். வெளுத்த தழும்பை மறைக்கப் பச்சை குத்தினாங்க. நாளடைவில் தழும்பே சீரானது! அப்போ வேலை செஞ்சது மையா, ஊசியா? மையே இல்லாமல் குத்திப் பார்த்தாங்க. ஊசிதான். தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் இதற்கு ஊசி உருளை செய்தார்.

6/ ரேடியோ அலையின் கதை தனி. 1926-இல் பாஸ்டனில் போவியின் கருவியைக் கொண்டு ஹார்வி குஷிங் மூளைக்கட்டி அறுவையில் ரத்தக் கசிவை நிறுத்தினார். அந்த அலையின் சூட்டை ஊசி நுனியில் ஏற்றினால்? அதுதான் எம்.என்.ஆர்.எஃப்.

7/ காப்பு பூசிய ஊசியில் நுனி மட்டுமே சூடாகும். மேல்தோல் பெரும்பாலும் தப்பிக்கும். லேசர் ஒளியைப் போல இதைத் தோலின் நிறமி உறிஞ்சாது. நம்ம தோலுக்கு இது நல்ல செய்தி. சூடுபட்ட கொலாஜன் புதுசா உருவாக மாதங்கள் ஆகும். ஒரே அமர்வில் அதிசயம் எதிர்பார்க்காதீங்க.

8/ ஆனா க்ரோமேயர் விதி இன்னும் செத்துப்போகல. ஆழமும் சூடும் மிஞ்சினால் தீக்காயம், புதுத் தழும்பு, கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிப்போவது, நரம்புச் சேதம் எல்லாம் வரலாம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2025 அக்டோபரில் இதைப் பற்றியே எச்சரித்தது. வீட்டில் செய்வதற்கானது இல்லை என்றும் சொன்னது.

9/ ஆகவே முதலில் பருவை அடக்குங்க. ஊசி குத்தின மாதிரி குறுகி ஆழமான குழிகளுக்கு இது மட்டும் போதாது. உள்ளே இழுபட்ட பள்ளத்துக்கு சப்சிஷன் சேர வேண்டியிருக்கும். தழும்பு குறையும், முழுசா மறையும்னு யாராவது உறுதி கொடுத்தா எழுந்து வந்துடுங்க.

10/ கடைசியா, "எந்த மெஷின்?" என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்க: "ஆழத்தையும் சூட்டையும் முடிவு செய்வது யார்? அவர் தோல் மருத்துவரா?"