குறைமாசக் குழந்தையும் மூணு நாள் பட்டினியும்

குறைமாசத்துல பிறந்த குழந்தைக்கு முதல் ரெண்டு மூணு நாள் பால் கிடையாது. சில இடங்கள்ல தண்ணிகூட கிடையாது. ஏதோ மூடநம்பிக்கைன்னு நினைச்சுடாதீங்க மக்களே. 1940கள்ல இருந்து 1960கள் வரைக்கும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல ஆஸ்பத்திரிகள்ல நடந்த வைத்தியமே இதுதான்!

இதுல பெரிய ஆச்சரியம், அதுக்கு அறுபது வருஷம் முன்னாடியே பாரீஸ்ல இதை விட நல்லா செஞ்சுட்டு இருந்தாங்க. 1880ல ஸ்தெஃபான் தார்னியேங்கற பிரசவ மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியைப் பார்த்துட்டு குழந்தைக்கும் அதே மாதிரி ஒண்ணு செய்யச் சொன்னார். இன்குபேட்டர் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அதே தார்னியேதான் உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்கு ரப்பர் குழாய் வழியா நேரா வயித்துக்கே பால் அனுப்பினவர். அவரோட சீடர் பியர் புதான் 1900ல ஒரு புத்தகமே எழுதினார். குறைமாசக் குழந்தைக்குச் சூடு, பால், நோய்த்தடுப்பு மூணும் வேணும், பால்னா தாய்ப்பால்தான் சிறந்ததுங்கறது அவர் கட்சி.

அப்புறம் ஏன் பட்டினி?

காரணம் இல்லாம இல்லை. உறிஞ்சறது, விழுங்கறது, மூச்சு விடறது மூணையும் ஒண்ணா செய்யற திறமை ஏறக்குறைய 32-34 வாரத்துல தான் வருது. அதுக்கு முன்னாடி பிறந்த குழந்தைக்குப் பால் புரையேறி நுரையீரலுக்குள்ள போயிடும்னு பயந்தாங்க. உடம்பு வேற வீங்கி இருக்கும், அதனால தண்ணி ஏற்கனவே ஜாஸ்தின்னு நினைச்சாங்க. நியாயமான பயம்தான். ஆனா பட்டினி போட்டா என்ன ஆகும்னு யாரும் ஒழுங்கா சோதிச்சுப் பார்க்கலை. எங்க பாஷையில சொன்னா, டெஸ்டிங் இல்லாமலே ப்ரொடக்‌ஷனுக்குப் போன கோடு.

பிற்பாடு 1972ல போட்ட ஒரு கணக்கைப் பாருங்க. நிறைமாசக் குழந்தை வெறும் தண்ணியில ஏறக்குறைய ஒரு மாசம் தாக்குப் பிடிக்கும். ஒரு கிலோ குழந்தைக்கு நாலே நாள்தான் கையிருப்பு! அதுல மூணு நாளைப் பட்டினியில கழிச்சா? ரத்தத்துல சர்க்கரை குறையும், மஞ்சள் காமாலை ஏறும். பிழைச்ச குழந்தைகள் சிலருக்கு வந்த மூளை பாதிப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு 1960கள்ல சந்தேகம் கிளம்புச்சு.

1964ல ஆக்ஸ்ஃபோர்டுல விக்டோரியா ஸ்மால்பீஸ், பமேலா டேவிஸ்னு ரெண்டு பெண் மருத்துவர்கள் துணிஞ்சு மாத்திப் பார்த்தாங்க. பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே, தண்ணி கலக்காத தாய்ப்பால், குழாய் வழியா. சர்க்கரை குறையறதும் காமாலையும் கட்டுக்குள்ள வந்துச்சு. லான்செட் பத்திரிகையில முடிவு வெளியானதும் பட்டினி வைத்தியம் ஆட்டம் காண ஆரம்பிச்சது.

அடுத்த கேள்வி, எந்தப் பால்? 1990ல ஆலன் லூகாஸும் டிம் கோலும் இங்கிலாந்துல 926 குறைமாசக் குழந்தைகளைப் பத்தி எழுதினாங்க. தாய்ப்பால் மட்டும் குடிச்ச குழந்தைகளை விட, புட்டிப்பால் மட்டும் குடிச்சவங்களுக்கு உயிரையே பறிக்கற குடல் அழுகல் நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம். 2022ல உலக சுகாதார நிறுவனம் குடுத்த பரிந்துரையும் இதேதான்: முதல் நாள்ல இருந்தே, முடிஞ்ச வரை சீக்கிரமா, பெத்த தாயோட பால். அது கிடைக்காட்டி வேற தாய் தானமா குடுத்த பால்.

அந்தக் கால மருத்துவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரங்க இல்லை. குழந்தைக்கு ஆபத்து வந்துடக் கூடாதுன்னுதான் கையைக் கட்டிட்டு நின்னாங்க. ஆனா ஒண்ணும் குடுக்காம இருக்கறதும் ஒரு வைத்தியம்தானே? அதுக்கும் பக்க விளைவு உண்டு, அதையும் சோதிச்சுத்தான் பார்க்கணும். இதைப் புரிஞ்சுக்க இருபது வருஷம் ஆச்சு. அதுக்கு விலை குடுத்தது வாய் திறந்து பசின்னு அழக்கூடத் தெம்பில்லாத குழந்தைங்க.