பாடத்தை யார் கொண்டுவருவது? கலிஃபோர்னியாவின் மேற்பார்வை இடைநீக்க வகுப்பறை: சட்டப் பிரிவு 48911.1 குறித்து ஒரு மறுவாசிப்பு

மேற்பார்வை இடைநீக்க வகுப்பறை பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. மாணவரை வீட்டுக்கு அனுப்பாமல் வளாகத்துக்குள்ளேயே தனி அறையில் வைப்பதும் ஒதுக்கிவைத்தல்தான்; அந்தப் பிரிப்பே கோளாறின் வேர்; ஆகவே அறையை மூடிவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஒதுக்கிவைத்தல் என்பதில் எனக்குப் பிணக்கில்லை. சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. கலிஃபோர்னியக் கல்விச் சட்டத் தொகுப்பின் 48900.5ஆம் பிரிவு, பிற திருத்த வழிகள் பலிக்காதபோதுதான் இடைநீக்கம் என்று விதிக்கையில், மேற்பார்வை இடைநீக்கத்தையும் பெயர் சொல்லி அதற்குள் சேர்க்கிறது. பள்ளிகள் தம் கையேட்டில் இதை மாற்று ஏற்பாடு என்று எழுதிக்கொள்ளலாம். சட்டத்தின் கணக்கில் அது இடைநீக்கமே. நான் மறுப்பது, பிரிப்புதான் வேர் என்ற முடிவை. 48911.1ஆம் பிரிவைத் துண்டுதுண்டாக மேற்கோள் காட்டாமல் தொடர்ச்சியாகப் படித்தால் வேர் வேறோர் இடத்தில் தென்படுகிறது.

அப்பிரிவின் 'பி' கூறு, இடைநீக்கம் பெற்ற மாணவர் அந்தக் காலம் முழுவதும் மற்ற மாணவர்களிடமிருந்து தனியறையிலோ தனிக் கட்டடத்திலோ வேறு இடத்திலோ வைக்கப்பட வேண்டும் என்கிறது. முந்தைய ஆய்வுகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. அடுத்து வரும் 'சி' கூறு, அந்த அறையில் இருக்கும் மாணவருக்காகப் பள்ளி மாவட்டம் மாநில நிதிப்பங்கைக் கோருவதற்கான நிபந்தனைகளைச் சொல்கிறது: சட்டப்படியான பணியாளர் இருக்க வேண்டும், உரிய ஆலோசனைச் சேவை கிடைக்க வேண்டும், தவறிய பாடங்களையும் தேர்வுகளையும் முடிக்க அறை துணைநிற்க வேண்டும். நான்காவது நிபந்தனையில்தான் என் வாதம் நிற்கிறது. செய்ய வேண்டிய பாடப்பணிகளைப் பெறுவதற்குத் தன் ஆசிரியர்களைத் தொடர்புகொள்வது மாணவரின் பொறுப்பு என்கிறது அது.

இரண்டு கூறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு நாளுக்கு ஆறு பாடவேளை, ஆறு ஆசிரியர்கள் என்று கொள்வோம். காலை எட்டரைக்கு அறைக்குள் வந்தவன் மாலை வரை வெளியே போகக் கூடாது. ஆனால் ஆறு பேரையும் தேடிப் பிடித்து அன்றைய பாடத்தைக் கேட்டு வாங்க வேண்டியவனும் அவனே. அந்த ஆறு பேரில் ஒருவர், முந்தைய நாள் அவனை வகுப்பைவிட்டு வெளியேற்றியவராகவும் இருக்கலாம். ஒரே தடவையில் விதிக்கக்கூடிய உச்ச வரம்பான ஐந்து பள்ளி நாள்களுக்கும் இதைக் கணக்கிட்டால் முப்பது பாடவேளை. ஒரு கூறு அவனைக் கட்டிப்போடுகிறது. அடுத்த கூறு நடந்து போகச் சொல்கிறது. இந்த முரணை முந்தைய ஆய்வுகள் பொருட்படுத்தாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆசிரியர் எல்லாப் பாடப்பணியையும் தேர்வையும் தர வேண்டும் என்று அதே நிபந்தனையின் அடுத்த வாக்கியம் சொல்கிறதே என்று கேட்கலாம். சொல்கிறது. ஆனால் எப்போது, யார் வழியாக என்பதைச் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த வாக்கியமோ, வகுப்பிலிருந்து பணி எதுவும் தரப்படாவிட்டால் மேற்பார்வையாளரே ஏதேனும் பாடப்பணி கொடுக்க வேண்டும் என்கிறது. அதாவது மாணவன் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் நிலையைச் சட்டம் முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. அதற்கு ஒரு நிரப்பியையும் வைத்திருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் இருக்கிறார், வகுப்பில் இருபடிச் சமன்பாடு நடக்கிறது என்றால், அலமாரியில் இருக்கும் பொதுவான பயிற்சித்தாள் மேசைக்கு வரும். தாள் நிரம்பும், பாடம் நகராது. ஆறாம் நாள் வகுப்புக்குத் திரும்புகிறவனுக்குக் கரும்பலகையில் இருப்பது புரியாது. புரியாதவன் சும்மா இருக்க மாட்டான் என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்தது.

மேற்பார்வை என்றால் என்ன என்பதிலும் இதே குறை. கூட்டரசின் குடிமை உரிமைகள் தரவுச் சேகரிப்பு, பள்ளிக்குள் இடைநீக்கம் என்பதை வழக்கமான வகுப்பிலிருந்து குறைந்தது அரை நாள் விலக்கப்பட்டும் பள்ளிப் பணியாளரின் நேரடி மேற்பார்வையில் இருப்பது என்று வரையறுக்கிறது. நேரடி மேற்பார்வை என்பதற்கு, மாணவர் இருக்கும் அதே இடத்தில் பணியாளரும் இருப்பது என்பதே அது தரும் விளக்கம். ஆள் இருந்தால் போதும். அவர் பாடம் சொல்லித்தருகிறாரா, பையன் பேசினால் கேட்கிறாரா என்பதெல்லாம் வரையறைக்கு வெளியே.

பெரியவர்களிடம் கடமையை ஒப்படைக்கச் சட்டத்துக்குத் தெரியாமலில்லை. அதே 48911.1இன் 'டி' கூறு, மாணவர் அறைக்கு அனுப்பப்படும்போது பெற்றோருக்கு நேரிலோ தொலைபேசியிலோ தெரிவிக்கும் வேலையைப் பள்ளி ஊழியரிடம் ஒப்படைக்கிறது. ஒரு பாடவேளைக்கு மேற்பட்டால் எழுத்திலும் தெரிவிக்க வேண்டும். தகவல் சொல்ல ஊழியர், பாடம் கேட்க மாணவர்! இது தற்செயலான சொல்லாட்சி அல்ல என்றே கருதுகிறேன். வீட்டுக்கு அனுப்பப்பட்டோருக்கான 48913.5ஆம் பிரிவும் இதே தடத்தில்தான் போகிறது: இரண்டு நாளோ அதற்கு மேலோ இடைநீக்கம் பெற்றவருக்கு ஆசிரியர் வீட்டுப்பாடம் தர வேண்டும், ஆனால் பெற்றோரோ மாணவரோ கேட்டால்தான். கேட்கத் தெரியாத வீட்டுக்கு அந்த உரிமை இல்லாததற்குச் சமம்.

இதற்கு மாறான ஒரு திசையும் அண்மையில் தெரிகிறது. 2023இல் நிறைவேறிய செனட் மசோதா 274, வேண்டுமென்றே கீழ்ப்படியாமை என்ற காரணத்துக்காக மாணவரை இடைநீக்கம் செய்வதற்கான தடையை உயர்நிலை வகுப்புகளுக்கும், 2029 ஜூலை 1 வரை, நீட்டித்தது. அத்தகைய மாணவரை ஆசிரியர் நிர்வாகியிடம் அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை ஐந்து வேலை நாள்களுக்குள் நிர்வாகி எழுதிப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அனுப்பிய ஆசிரியருக்கும் தெரிவிக்க வேண்டும். இங்கே சுமை மாணவன் தோளில் இல்லை, காலக்கெடுவும் உண்டு. பழைய அறைக்கு இது பொருந்தாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அறைக்கு எப்படிப்பட்ட விதி வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி தேட வேண்டியதில்லை.

மாற்றுத்திறன் கொண்ட மாணவர் விஷயத்தில் என் வாதத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். கூட்டரசுக் கல்வித் துறை 2006ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிகளோடு வெளியிட்ட விளக்கவுரை, பள்ளிக்குள் இடைநீக்க நாளை, அத்தகைய மாணவரை விலக்கிவைப்பதற்கான பத்து நாள் வரம்பில் சேர்க்காமல் விடுவதற்கு மூன்று நிபந்தனை வைக்கிறது: பொதுப் பாடத்திட்டத்தில் தொடர்தல், தனிநபர் கல்வித் திட்டத்தில் உள்ள சேவைகள் தொடர்தல், மாற்றுத்திறன் அல்லாத மாணவரோடு முன்பிருந்த அளவுக்கு இணைந்திருத்தல். மூன்றாவது நிபந்தனை பிரிப்பைத் தொடுகிறது; அந்த அளவில் முந்தைய ஆய்வாளர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆயினும் முதல் இரண்டும் பாடமும் சேவையும் மாணவரைத் தேடிவருவதைப் பற்றியவை என்பதை அவர்கள் கடந்துபோய்விடுகிறார்கள்.

தானே கேட்டு வாங்குவதால் மாணவனுக்குப் பொறுப்புணர்வு வளரும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவன் அந்த அறையில் இருப்பதே ஆசிரியரோடு உறவு முறிந்ததால்தான். பாடங்கள் எல்லாம் இப்போது இணையத்தில் ஏற்றப்படுகின்றனவே என்பதும் அப்படித்தான்: பதிவேற்றம் கற்பித்தல் ஆகாது. இடைநீக்கத்துக்கு மாற்றாகப் பிட்ஸ்பர்க் பள்ளிகளில் கையாளப்பட்ட உறவு மீட்பு முறைகள் பற்றி ராண்ட் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவரின் கல்வி அடைவு சரிந்ததைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது பள்ளி முழுவதற்குமான திட்டத்தைப் பற்றியது. இந்த அறைக்கு அதைச் சாட்சியாக அழைக்க முடியாது.

அறையை மூடுவதா வேண்டாமா என்ற விவாதம் நடந்துகொண்டே இருக்கட்டும். அதுவரை, 'டி' கூறில் இருக்கும் அந்தப் பள்ளி ஊழியரை 'சி' கூறின் நான்காவது நிபந்தனைக்கும் கொண்டுவர வேண்டும்: ஒவ்வொரு காலையும் ஆறு ஆசிரியரிடமிருந்தும் பாடத்தை வாங்கி அறைக்குள் கொண்டுவருவது அவர் வேலை. இந்த அறைக்காகக் கோரப்படும் நிதிப்பங்கை இப்பிரிவைச் செயல்படுத்தும் செலவுக்கே பயன்படுத்த வேண்டும் என்று 'எஃப்' கூறு ஏற்கெனவே சொல்லிவிட்டது. சட்டத் திருத்தத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டக் கல்வி வாரியம் தன் கொள்கையில் இந்த ஒரு வரியைச் சேர்ப்பதைச் சட்டத்தின் எந்தக் கூறும் தடுக்கவில்லை.