எரிமலை முன்கணிப்பு: வெசுவியசிலிருந்து பினாட்டுபோ வரை

பூமிக்கடியில் வாயுக்கள் கரைந்த நிலையில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு மேலேறும்போது, வழியிலுள்ள பாறைகளை உடைத்துச் சிறு நிலநடுக்கங்களை உண்டாக்குகிறது. தனக்கு இடம் வேண்டி நிலத்தை உப்பச் செய்கிறது. மேலேற மேலேற அழுத்தம் குறைவதால், கரைந்திருந்த வாயுக்களை வெளிவிடுகிறது. இம்மூன்று தடயங்களையும் அளக்கும் முறைகள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நாடுகளில் வளர்ந்தன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் படிக்கக் கற்ற பின்னரே முன்கணிப்பு உயிர்காக்கும் அளவுக்கு முதிர்ந்தது.

உலகின் முதல் எரிமலை ஆய்வகம் 1841இல் இத்தாலியின் வெசுவியஸ் மலையில் நிறுவப்பட்டது. அங்குப் பணிபுரிந்த லூயிஜி பால்மியேரி 1856இல் மின்காந்த நிலநடுக்கப் பதிவுக்கருவியை அமைத்தார். நில அசைவை அளப்பதில் ஜப்பான் முந்தியது. 1914இல் சகுராஜிமா வெடித்த பின் சுற்றுப்புற நிலம் பரந்த அளவில் தாழ்ந்திருந்ததை ஒமோரி ஃபுசாகிச்சி மட்ட அளவீடுகளால் கண்டறிந்தார். சுமார் 10 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு குழம்புத் தேக்கம் வடிந்ததாகக் கொண்டால் அத்தாழ்வை விளக்கலாம் என்று மோகி கியோ 1958இல் கணித முறையில் காட்டினார். வாயு அளவீடோ தொழிற்சாலைப் புகையை ஆராய உருவான கருவியைக் கடன்பெற்றது. சூரியனின் புற ஊதாக் கதிரைக் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து வாயுவின் அளவைக் கணக்கிடும் அக்கருவி, 1970களில் எரிமலைகளுக்குச் சென்றது.

கருவிகள் இருந்தும் தீர்ப்பு தவறியது. 1976இல் குவாதலூப் தீவில் 70,000க்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் வெளியேற்றப்பட்டும் பெருவெடிப்பு நிகழவில்லை. 1985இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிசில், ஆபத்துப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் முன்னரே தயாராக இருந்தும், சேற்றுப் பெருக்கில் சுமார் 23,000 பேர் மாண்டனர். பின்னதை அறிவியலின் தோல்வி என்பதைவிட, அறிந்தது ஊரைச் சென்றடையாத தோல்வி என்பதே பொருந்தும். மறு ஆண்டே, பிற நாடுகளுக்கு விரைந்து உதவும் நிபுணர் குழுவை அமெரிக்கா அமைத்தது.

அக்குழுவும் பிலிப்பைன்சின் எரிமலை, நிலநடுக்கவியல் நிறுவனமும் 1991இல் பினாட்டுபோவில் கைகோத்தன. ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கிய அம்மலையில் ஏப்ரல் 2 அன்று நீராவி வெடிப்புகள் தொடங்கின. பழைய படிவுகளில் கிடந்த கரித்துண்டுகளின் வயதைக் கணித்தபோது, அம்மலை அரிதாக வெடித்தாலும் பெரிதாகவே வெடிக்கும் என்பது புலனாயிற்று. மே 13இல் நாளொன்றுக்குச் சுமார் 500 டன்னாக இருந்த கந்தக டை ஆக்சைடு மே 28இல் 5,000 டன்னைத் தாண்டி, அடுத்த சில நாள்களில் 300 டன்னுக்கும் கீழே சரிந்தது. வாயுவை மட்டும் பார்ப்பவர் ஆபத்து தணிந்ததென்று நிம்மதி அடைந்திருக்கலாம். நிலநடுக்கங்கள் தொடர்ந்ததால், வாயு வெளியேறும் பாதை அடைபட்டு உள்ளே அழுத்தம் கூடுகிறது என்ற எதிர்மாறான விளக்கமே வலுப்பெற்றது. நாள் குறிப்பதற்குப் பதிலாக, "இரண்டு வாரத்துக்குள் நிகழலாம்", "24 மணி நேரத்துக்குள் நிகழலாம்" என்று உயரும் ஐந்து எச்சரிக்கை நிலைகள் வகுக்கப்பட்டன. ஜூன் 9இல் ஐந்தாம் நிலை அறிவிக்கப்பட, மறுநாள் கிளார்க் வான்படைத் தளத்திலிருந்து 14,000க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். ஜூன் 15இல் மலை வெடித்தது. அதே நாளில் வந்த சூறாவளியின் மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரைகளை இடித்ததில் நூற்றுக்கணக்கானோர் இறந்தாலும், வெளியேற்றம் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

1990களிலிருந்து, நிலத்தின் சென்டிமீட்டர் அளவு உப்பலையும் செயற்கைக்கோள் ரேடார் காட்டத் தொடங்கியது. எனினும் 2014 செப்டம்பர் 27 அன்று ஜப்பானின் ஒன்டாகே மலை, எச்சரிக்கை மிகத் தாழ்ந்த முதல் நிலையில் இருந்தபோதே வெடித்து 63 பேரைப் பலிகொண்டது. அங்கு வெடித்தது புதுக் குழம்பன்று, நிலத்தடியில் சூடேறிய நீர். அது நீராவியாக விரிய நெடுந்தொலைவு மேலேற வேண்டியதில்லை என்பதால், செப்டம்பர் தொடக்கத்துச் சிறு அதிர்வுகளைத் தவிர, தெளிவான அறிகுறியாகத் தொடர் நடுக்கம் வெடிப்புக்கு 11 நிமிடம் முன்புதான் தோன்றியது.