தபால் பட்டமும் திருத்தி வந்த தாளும்

1971-ஆம் ஆண்டு, படிப்பு விஷயத்தில் நம் பக்கத்துக்கு நல்ல ஆண்டு. உத்தமபாளையத்தில் 1956 முதலே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இருந்தது. 1971-இல் போடியில் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும், பெரியகுளத்தில் பெண்களுக்கென்று ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரியும் வந்தன. அதே ஆண்டில்தான் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. பிற்பாடு 1978-இல் காமராஜர் பெயர் பெற்ற அதே பல்கலைக்கழகம்தான்.

கல்லூரி என்றால் கட்டடம் இருக்கும், மணி அடிக்கும். அஞ்சல்வழிக் கல்வி தபால்காரர் பையில் வந்ததால் அதன் வரலாற்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் நம் பள்ளத்தாக்கில் எத்தனை வீடுகளில் அது விளக்கேற்றியது! பகலில் அலுவலகத்தில் கோப்பு பார்த்துவிட்டு இரவில் பி.ஏ. படித்தவர்கள், ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதியவர்கள், இடைநிலை ஆசிரியர்கள், திருமணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்கள் என்று எல்லோருக்கும் அதுதான் கல்லூரி. அப்படி இருந்தும் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "மாப்பிள்ளை ரெகுலரா, கரஸா?" என்று கேட்டார்கள். தபால் பட்டம் என்ற இளக்காரம் எங்கிருந்து வந்தது? என் வயதுக்காரர்கள் பலரைப் போல நானும் இதை யோசித்திருக்கிறேன்.

தட்டச்சு நிலையத்தில் சுருக்கெழுத்து பயின்றவர்களுக்கு பிட்மன் என்ற பெயர் தெரியும். தபால் வழிப் படிப்புக்கும் அவர் முன்னோடிதான். இங்கிலாந்தில் 1840-இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் வசதி வந்ததும், ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபாலில் அனுப்பினார். மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்புவார்கள். அவர் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவார்.

1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் வெளியூர்க்காரர்களுக்கும் தன் தேர்வுகளைத் திறந்துவிட்டது. இலங்கையில் பல்கலைக்கழகம் வருவதற்கு முன் பலர் லண்டன் பட்டம் வாங்கியது இந்த வழியில்தான். ஆனால் லண்டன் தேர்வு நடத்தியதே தவிர, பாடம் சொல்லித் தரவில்லை; அது மாணவர் பாடு. பிட்மன் கற்பித்தார், லண்டன் சோதித்தது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்தியாவில் 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைக்குப் பின் 1979-இல் அண்ணாமலை, 1981-இல் சென்னை. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வாசல்கள் பெருகின. உள்ளே சொல்லித் தருவது எப்படி என்ற கேள்வி மட்டும் அங்கேயே நின்றது.

என் அலுவலக நண்பர் ஒருவர் முப்பது வயதுக்கு மேல் பட்டப் படிப்பில் சேர்ந்தார். நடத்திய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இங்கே நான் குறிப்பிட்டவற்றில் ஒன்றல்ல. விடைத்தாள்களை இரவெல்லாம் எழுதி அனுப்பினார். தேர்வு முடிந்து மூன்று மாதம் கழித்து அவை திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பெண், ஒரு சுழித்த கையெழுத்து. ஒரு வார்த்தை இல்லை. அலுவலகத்தில் தன்பதிவேட்டில் பதிந்த தபாலுக்குப் பதில் போகாவிட்டால் மேலிருந்து நினைவூட்டு வரும். மாணவன் யாருக்கு நினைவூட்டு அனுப்புவான்? அவர் இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டார்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 'திக்தே' என்று சொல்வதெழுதுதல் நடக்கும். ஆசிரியர் ஒவ்வொரு பிழைக்கும் சிவப்பு மையில் கோடு போட்டு மறுநாளே தருவார். பிழையைச் சரிசெய்து மறுபடி எழுதினால்தான் பாடம் முடிந்ததாகக் கணக்கு. அந்த பிரெஞ்சுக்காரர்களே 1939-இல் போர் தொடங்கிப் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு தடைப்பட்டபோது, அரசே நடத்தும் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கினார்கள். இன்றும் வேறு பெயரில் நடக்கிறது.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்களும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த பெரியே ஹோல்ம்பெர்க், பாடம் எதிரே உட்கார்ந்து பேசுவது போல எழுதப்பட வேண்டும் என்றார். நார்வேயில் ரெக்கெடால் என்பவர், விடைத்தாள் சீக்கிரம் திரும்பினால் படிப்பை முடிப்பவர்கள் கூடுகிறார்களா என்று சோதித்துப் பார்த்தார். கூடினார்கள். இந்திரா காந்தி பல்கலைக்கழகப் பாடநூல்களைப் புரட்டினால், பாடத்துக்கு நடுவே தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் கேள்விகளும், கடைசியில் விடைகளும் இருக்கும். ஒப்படைப்பைத் திருத்துகிறவர் கருத்தும் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. விதி நடக்கும் இடத்தில் மாணவன் நிற்கிறான். நடக்காத இடத்தில் பிட்மன் போய் லண்டன் மட்டும் மிஞ்சுகிறது. இளக்காரத்துக்குக் காரணம் மாணவர்களின் மந்தபுத்தி என்பதை நான் ஏற்க மாட்டேன்.

2020-இல் கொரோனா வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் 'கரஸ்' மாணவர்கள் ஆனார்கள். மலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார்கள். பாடம் காணொளியாக வந்து குவிந்தது. எழுதியதைத் திருத்திக் கொடுத்த ஆசிரியர்களைப் பிள்ளைகள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி. இணையவழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. அதில் வாராவாரம் பயிற்சி உண்டு, அதற்குக் கெடு உண்டு. முக்கியத் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். காணொளி புதிது; வாராவாரம் வேலை வாங்கும் முறை பழையதுதான்.

இப்போது பேரப்பிள்ளைகள் இணையவழிப் படிப்பு என்று விளம்பரத்தைக் காட்டி நம்மிடம் பணம் கேட்கிறார்கள். கொடுக்கும் முன் நான்கு விஷயங்களை விசாரியுங்கள். எழுதி அனுப்பியதை யார் திருத்துவார்? எத்தனை நாளில் திரும்பும்? மதிப்பெண்ணோடு ஏன் தவறு என்றும் எழுதுவார்களா? சந்தேகம் கேட்கப் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர் உண்டா, நேர்முக வகுப்பு எங்கே நடக்கும்?

நேரான பதில் வந்தால் தாராளமாகச் சேருங்கள். படிப்பு வயலுக்கும் கடைக்கும் நடுவே நடக்கலாம், நாற்பது வயதிலும் நடக்கலாம். பதில் மழுப்பலாக வந்தால், அந்தப் பணத்துக்கு நல்ல புத்தகங்கள் வாங்கிக் கொடுத்து, ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் யாரிடமாவது அனுப்புங்கள். நம் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. சிவப்பு மைப் பேனாவோடு காத்திருக்கிறார்கள்.