ஈமாக்ஸ் தொகுப்பி: ஒரு கருவியின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கருவிகளின் வரலாற்றை அவற்றை ஆக்கியோரின் மேதைமை கொண்டு விளக்குவது எளிது. அவ்வாறு விளக்கும்போது, கருவியைக் கையாண்டோர் அதனை மாற்றியமைத்த வரலாறு மறைந்துவிடுகின்றது. கணனி நிரலாளர் நிரல் எழுதுவதற்குக் கையாளும் உரைத்தொகுப்பி இதற்குத் தக்க சான்றாகும். இன்று ஸ்பேஸ்மாக்ஸ், டூம் ஈமாக்ஸ் என்னும் பெயர்களில் முன்கூட்டியே ஒழுங்கமைக்கப்பட்ட தொகுப்பிகள் வழங்குகின்றன. இவற்றைப் பெறுவோர் பிறர் வகுத்த விசைக் கட்டளைகளையும் துணைப் பொதிகளையும் ஏற்றுக்கொண்டு, தமக்கு வேண்டியவற்றை மாத்திரம் மாற்றிக்கொள்கின்றனர். ஒருவர் வகுத்த ஒழுங்கைப் பலர் ஏற்பதா, ஒவ்வொருவரும் தத்தமக்கென ஓர் ஒழுங்கை வகுப்பதா என்ற வினா இங்கு எழுகின்றது. இது புதிய வினாவன்று. ஈமாக்ஸ் தோன்றியதே இவ்வினாவிலிருந்துதான் என்பது எமது கருத்து.

ஈமாக்ஸின் மூலம் ரெக்கோ என்ற தொகுப்பி. 1960களின் தொடக்கத்தில் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் டான் மேர்பி ஆக்கிய இது, துளையிட்ட காகித நாடாவிலுள்ள உரையைத் திருத்துவதற்கென எழுந்தது. ரெக்கோவில் ஏறக்குறைய ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. தம் பெயரைத் தட்டெழுதினால் உரைக்கு என்ன நேரும் என ஊகிப்பது அக்கால நிரலாளரிடையே ஒரு விளையாட்டாயிருந்தது. எம்மவரின் நீண்ட பெயர்கள் எத்தகைய அழிவை விளைத்திருக்குமோ! எனினும், ரெக்கோ தன்னளவில் ஒரு நிரல்மொழியாகவும் அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1970களில் அந்நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் கார்ல் மிக்கெல்சன், உரையைத் திரையில் கண்டவாறே திருத்தும் முறையை அதனுடன் சேர்த்தார். றிச்சட் ஸ்டோல்மன் அதனைச் செப்பனிட்டு, எந்த விசையை அழுத்தினாலும் பயன்படுத்துவோர் தாமே எழுதிய கட்டளைக் கோவை இயங்குமாறு செய்தார்.

இவ்வாறு கிடைத்த சுதந்திரம் விரைவிலேயே தன் முரண்பாட்டை வெளிப்படுத்திற்று. ஒவ்வொருவரும் தமக்கேற்ற கட்டளைக் கோவைகளை எழுதினர். டெக்மாக், ரிமாக்ஸ் எனத் தொகுதிகள் பெருகின. ஒருவரின் முனையத்தில் மற்றொருவர் அமர்ந்து அவருக்கு உதவுவது அரிதாயிற்று. ஏனெனில் ஒரே விசை இருவரிடத்தும் வெவ்வேறு செயலைச் செய்தது. கணனிக்குக் கடவுச்சொல்லே வேண்டாமென்று வாழ்ந்த ஒரு கூடத்தில், கூட்டுழைப்பைக் குலைத்தது எவருடைய அதிகாரமுமன்று, தனிப்பட்ட வசதியே.

இதனை உணர்ந்த கை ஸ்டீல், 1976இல் டேவிட் மூன் முதலியோருடன் சேர்ந்து, பல தொகுதிகளிலும் சிறந்தவற்றைத் தெரிந்து ஒருமைப்படுத்த முனைந்தார். வேலையின் பெரும்பகுதியை ஸ்டோல்மன் விரைவில் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டின் இறுதியளவில் ஈமாக்ஸ் இயங்கத் தொடங்கியது. ஆகவே முதல் ஈமாக்ஸே ஒரு முன்னொழுங்கமைந்த தொகுப்பிதான் எனலாம்: பொதுவில் இணங்கிய ஒழுங்கு, அதனை மாற்றுவதற்கான வாயிலும் திறந்தபடி.

அதனைப் பெறுவோர் தாம் செய்த திருத்தங்களைத் திருப்பியளித்தல் வேண்டும் என ஸ்டோல்மன் நிபந்தனை விதித்தார். இதனை அவர் ஈமாக்ஸ் கம்யூன் என அழைத்தார். பெயரில் மயங்கவேண்டியதில்லை. திருத்தங்கள் யாவும் ஒரு மையத்துக்கே செல்லவேண்டியிருந்தன. நல்லெண்ணத்தைத் தவிர அதற்கு வேறு பாதுகாப்பு இருக்கவில்லை. அதன் பொருளியல் அடித்தளமும் நிலைக்கவில்லை. ஈமாக்ஸ் பி.டி.பி.-10 இனக் கணனிகளைச் சார்ந்திருந்தது. அவ்வரிசையின் வளர்ச்சியை டிஜிற்றல் நிறுவனம் 1983இல் கைவிட்டது. யுனிக்ஸுக்கென ஜேம்ஸ் கொஸ்லிங் 1981இல் எழுதிய ஈமாக்ஸ், ஈற்றில் யுனிபிறெஸ் என்ற நிறுவனத்தின் விற்பனைப் பொருளாயிற்று. 1984இல் ஸ்டோல்மன் தொடங்கிய குனு ஈமாக்ஸின் முதற் பதிப்புகளில் கொஸ்லிங்கின் நிரற்பகுதிகள் சில இடம்பெற்றிருந்தன. யுனிபிறெஸ் ஆட்சேபித்ததும், அவர் அவற்றை நீக்கிப் புதிதாக எழுதினார். 1989இல் வெளிவந்த குனு பொது உரிமம், இத்தகைய அனுபவங்களின் சட்ட வடிவமாகும். நல்லெண்ணம் காக்கமுடியாததைப் பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே காக்க முயன்ற விந்தை அது.

எமக்கு இவற்றினும் முக்கியமாகத் தோன்றுவது வேறொரு செய்தி. 1978இல் பேர்னாட் கிறீன்பேர்க் ஹனிவெல் நிறுவனத்தில் மல்ரிக்ஸ் முறைமைக்கென லிஸ்ப் மொழியில் ஓர் ஈமாக்ஸை எழுதினார். அங்குப் பணியாற்றிய செயலாளர்களும் அதனைக் கையாண்டனர். அதனை விரிவாக்கும் முறையை விளக்கிய கைந்நூலொன்று அவர்களிடம் இருந்தது. அந்நூல் அவ்வேலையை நிரலாக்கம் எனக் குறிப்பிடவில்லை. தம்மால் நிரல் எழுத இயலாதென நம்பியிருந்த அவர்கள், அச்சமின்றி அதனைப் படித்து, பயனுள்ள சிறு செயல்களை ஆக்கி, அவ்வழியே நிரலாக்கத்தைக் கற்றுக்கொண்டனர் என்று ஸ்டோல்மன் 2002இல் ஆற்றிய உரையொன்றில் கூறுகின்றார். நிரலாளர், பயன்படுத்துவோர் என்ற பிரிவு திறமையால் மட்டும் எழுந்ததன்று. பெயரிடுதலும் தொழிற்பிரிவினையும் அதனை நிலைநிறுத்துகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாம் அறியோம்.

இக்கண்கொண்டே இன்றைய டூம் ஈமாக்ஸை நோக்குதல் தகும். அதன் பயனர் ஒரு கோப்பில் வேண்டிய கூறுகளைத் தெரிகின்றார். இன்னொன்றில் மேலதிகப் பொதிகளைக் குறிக்கின்றார். மூன்றாவதில் தம் விருப்பங்களை எழுதுகின்றார். புதியவருக்கு இது பல வாரங்களின் உழைப்பை மிச்சப்படுத்துகின்றது. அதேவேளை, தாம் எழுதாத பெருந்திரள் நிரலின் மேல் அவர் அமர்ந்திருக்கின்றார். மேலிருந்து ஒரு மாற்றம் வந்து ஏதேனும் பழுதுபட்டால், எங்கே தேடுவதென அறியாது திகைக்கின்றார். ஆயத்த ஒழுங்கு மனிதரைச் சோம்பேறியாக்கும் என்ற குற்றச்சாட்டை நாம் முற்றாக ஏற்பதற்கில்லை. ஹனிவெல் செயலாளர்களும் பிறர் ஆக்கிய ஒழுங்கிலிருந்தே தொடங்கினர். அவர்களுக்குக் கைகொடுத்தது, உள்ளே செல்லும் வழி மறைக்கப்படாதிருந்தமையே. ஈமாக்ஸில் எந்த விசையையும் குறித்து, அது எக்கட்டளையை இயக்குகின்றதென வினவலாம். விடையிலிருந்து அக்கட்டளையின் மூலநிரலுக்குச் சென்று அதனைத் திருத்தவும் செய்யலாம். டூமிலும் அவ்வசதி நீக்கப்படவில்லை.