திருவந்திபுரம் கல்வெட்டும் மூன்றாம் இராஜராஜனின் வீழ்ச்சியும்

கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலில், மூன்றாம் இராஜராஜ சோழனின் 16ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. காலம் கி.பி. 1231-32. ஆண்டுக் கணக்குதான் சோழனுடையது. புகழ் முழுவதும் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனுக்கு. சோழச் சக்கரவர்த்தியைக் கோப்பெருஞ்சிங்கன் என்ற காடவர் தலைவன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த செய்தியையும், போசளப் படை சோழனை மீட்ட செய்தியையும் அது சொல்கிறது.

இராஜராஜனைத் திறமையற்றவன் என்று ஒரு வரியில் முடிப்பது வரலாற்று நூல்களின் வழக்கம். தவறில்லை; ஆனால் அது பாதி உண்மை. 1216இல் அவன் இளவரசுப் பட்டம் பெற்ற காலத்தை ஒட்டியே மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். அப்போதைய சோழ மன்னன் மூன்றாம் குலோத்துங்கன் நாட்டை விட்டு ஓடினான். பிறகு போசளர் தலையீட்டால் பாண்டியன் நாட்டைத் திருப்பிக் கொடுத்தான்; 'சோணாடு வழங்கியருளிய' என்ற அடைமொழியும் சூடிக்கொண்டான். ஆக, இராஜராஜனுக்குக் கிடைத்தது பகைவன் கொடையாகத் தந்த நாடு. அதை உணர்ந்து பொறுமை காக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. படைபலம் இல்லாமலே திறையை நிறுத்தினான், பாண்டியனிடம் தோற்றான், வடக்கே ஓடும் வழியில் கோப்பெருஞ்சிங்கனிடம் அகப்பட்டான். தெள்ளாற்றில் சோழனை வென்று சிறைப்பிடித்ததாகக் காடவர் தரப்பு வயலூர்க் கல்வெட்டு பெருமை பேசுகிறது.

1894இல் தந்தை திடீரென இறக்க, 26 வயதில் ஆயத்தமின்றி அரியணை ஏறிய ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸ் இங்கே நினைவுக்கு வருவார். 1917இல் முடிதுறந்த அவருக்கு நெருங்கிய உறவினரான பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ்கூட அடைக்கலம் தரவில்லை. மறு ஆண்டு குடும்பத்தோடு கொல்லப்பட்டார். இராஜராஜனை மீட்க மட்டும் ஆள் வந்தது ஏன்? பாண்டியன் காவிரிக்கரை முழுவதையும் விழுங்காமலிருக்க, நடுவில் பலவீனமான ஒரு சோழன் இருப்பது போசளர்க்குத் தேவைப்பட்டது. நரசிம்மனின் சபதம்கூட, 'சோழமண்டல பிரதிஷ்டாசாரியன்' என்ற தன் விருதை நிலைநாட்டாமல் காளம் ஊதுவதில்லை என்பதுதான்.

போசளர் தலைநகரான துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டு, மகதை நாட்டை அழித்து, பாச்சூரில் தங்கியபடியே அப்பண்ணன், சமுத்திர கோப்பயன் என்ற இரு தண்டநாயகர்களை அவன் ஏவினான். அவர்கள் போன வழி நமக்குத் தெரிந்த வழிதான். கோப்பெருஞ்சிங்கனுக்கு வேண்டிய ஊர்களை அழித்தார்கள், சிதம்பரம் என்னும் தில்லையின் பொன்னம்பலத்தில் கூத்தப்பெருமானைக் கும்பிட்டார்கள், திருப்பாதிரிப்புலியூரில் பாளையமிட்டார்கள், திருவதிகை, திருவக்கரை முதலான ஊர்களைச் சூறையாடினார்கள். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல்வரை ஊர்களைச் சுட்டதையும் பெண்களைப் பிடித்ததையும் கல்வெட்டு கூச்சமில்லாமல் சாதனையாகவே அடுக்குகிறது. அரசன் செய்த பிழைக்கு விலை கொடுத்தவர்கள் கெடிலம் ஆற்றங்கரைக் குடியானவர்கள். சேந்தமங்கலம் முற்றுகைக்கு உள்ளாகும் நிலை வந்ததும் கோப்பெருஞ்சிங்கன் இறங்கிவந்து சோழனை விடுவித்தான்.

விடுதலைக்குப் பிறகும் இராஜராஜன் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அரசனாகவே இருந்தான், பெயரளவில். 1243 முதல் கோப்பெருஞ்சிங்கன் 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்று தன் பெயரிலேயே ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கிவிட்டான். (சிறைபிடித்தவன் இவனா, இவன் தந்தையா என்ற வாதம் அறிஞரிடையே உண்டு.) தில்லைத் தெற்குக் கோபுரத் திருப்பணி இவனுடையதாகவே ஆற்றூர்க் கல்வெட்டில் பதிவாகியுள்ளது. சோழரின் குலதெய்வம் உறையும் கோயிலில் கோபுரம் எழுப்பும் உரிமை சிற்றரசன் கைக்குப் போனதை, சேந்தமங்கலச் சிறையைவிடப் பெரிய வீழ்ச்சியாகவே நான் கருதுகிறேன்.

இராஜராஜன் இருக்கும்போதே, 1246இல் மூன்றாம் இராஜேந்திரன் பட்டத்துக்கு வந்து ஓரளவு போராடிப் பார்த்தான். இவனுடைய கல்வெட்டுகளும் கோப்பெருஞ்சிங்கனுடைய கல்வெட்டுகளும் 1279ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. சோழநாடு பாண்டியர் வசமானது.