காலை இழந்தவர்கள் மிதித்த சைக்கிள்

புனேவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் கிளை கண்டோன்மென்ட்டை ஒட்டி இருப்பதால் நவம்பர் மாதம் வந்தால் உள்ளே நிற்க இடம் இருக்காது. பென்ஷன்காரர்கள் எல்லாம் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று சான்றிதழ் கொடுக்கும் மாதம். அதில் பாதிக்கு மேல் முன்னாள் ராணுவத்தினர்.

போன நவம்பரில் வரிசையில் ஒரு சுபேதார் சாப் நின்றுகொண்டிருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பார்த்ததும் எனக்குள் இருந்த நல்ல மனிதன் விழித்துக்கொண்டான் :-) எழுந்து போய், "சாப், நீங்க ஏன் இவ்வளவு தூரம் வரணும்? ஒரு போன் போட்டா ஆளை வீட்டுக்கே அனுப்பி வைப்பேனே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் படுக்கையில் விழுந்த பிறகு அனுப்புங்க மேனேஜர் சாப். இப்போ சைக்கிளில்தான் வந்திருக்கேன்" என்றார் இந்தியில். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரு பழைய சைக்கிள், பூட்டுப் போட்டு நின்றது.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அப்புறம் சில நாட்கள், போரில் காயம்பட்டவர்கள் சைக்கிள் ஓட்டும் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். அதில் ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தப் பதிவு.

கதை நடந்தது அமெரிக்காவில். நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்ட் என்று ஒரு நீளமான தீவு. அங்கே அமகன்செட் என்ற ஊரில் ஒரு மதுக்கடை. அதில் பார் ஊழியராக இருந்தவர் கிறிஸ் கார்னி. ராணுவத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கை கால் இழந்து இளைஞர்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்கு உதவ 2003ல் 'வூண்டட் வாரியர் புராஜெக்ட்' என்ற அமைப்பு தொடங்கியிருந்தது. ஆரம்பத்தில் அவர்கள் செய்த வேலை ரொம்பச் சின்னது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் சிப்பாய்களுக்கு மாற்றுத்துணி, பல் துலக்கும் பிரஷ் மாதிரி சாமான்கள் வைத்த ஒரு முதுகுப்பை கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

இந்த அமைப்புக்குப் பணம் திரட்ட, 2004ல் கார்னி தனி ஆளாகச் சைக்கிளில் கிளம்பினார். கிழக்குக் கோடியில் மான்டாக்கில் ஆரம்பித்து மேற்குக் கோடியில் சான் டியாகோ வரை. சுற்றி வளைத்து 5,000 மைலுக்கு மேல், அதாவது 8,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போய்த் திரும்பி வந்தாலும் இவ்வளவு ஆகாது. பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. இந்தப் பயணத்துக்கு 'சோல்ஜர் ரைட்' என்று பெயர்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல மனசுக்காரர் ஒருவரின் கதை. கைதட்டிவிட்டு நகர்ந்திருப்போம். ஆனால் அடுத்த வருஷம்தான் முக்கியமான திருப்பம். ஹீத் கால்ஹூன், ரயன் கெல்லி என்ற இரண்டு சிப்பாய்கள் கூடவே ஓட்ட வந்துவிட்டார்கள். ஈராக்கில் 2003ல் ராக்கெட் குண்டு பட்டு, கால்ஹூனுக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலே போய்விட்டன. கெல்லிக்கு ஒரு கால் இல்லை. 2005ல் மூவரும் மேற்கிலிருந்து கிழக்காக நாட்டைக் குறுக்கே கடந்தார்கள். வழியில் ஊருக்கு ஊர் மற்ற காயம்பட்ட சிப்பாய்களும் சேர்ந்துகொண்டார்கள். முதல் வருஷம் அவர்களுக்காக ஒருவர் ஓட்டினார், இரண்டாம் வருஷம் அவர்களே ஓட்டினார்கள்.

இரண்டு காலும் இல்லாதவர் எப்படி ஓட்டுவார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஹேண்ட்சைக்கிள் என்று ஒன்று இருக்கிறது. மூன்று சக்கரம், தரையை ஒட்டின இருக்கை, பெடல் இருக்கவேண்டியது கைக்கு நேராக நெஞ்சுக்கு முன்னால். கியர் எல்லாம் உண்டு. காலின் பெரிய தசைகள் செய்யும் வேலையைத் தோளும் கையும் செய்யவேண்டும் என்பதால் மேடு ஏறும்போது உயிர் போகும். பார்வை இழந்தவர்களுக்கு இரட்டைச் சைக்கிள். நம்மூரில் கேரியரில் உட்கார்ந்து போகும் டபுள்ஸ் இல்லை இது. முன்னால் இருப்பவர் வழி பார்ப்பார், மிதிப்பது இருவரும்.

கூட்டமாக ஓட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னால் போகிறவர் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்கிறார். அவர் முதுகை ஒட்டி வருபவருக்குக் கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சமாகும். அதனால் முறை வைத்து மாறி மாறி முன்னால் போவார்கள். மேடு வந்தால், கால் உள்ளவர் ஒரு கையால் தன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஹேண்ட்சைக்கிள்காரரின் முதுகைத் தள்ளிவிடுவார். இறக்கத்தில் தரையோடு தரையாக ஹேண்ட்சைக்கிள் பறக்கும், மற்றவர்கள் பின்தங்குவார்கள்! இந்த ஏற்பாட்டில் உதவி வாங்குவது யாருக்கும் கூச்சமாக இருக்காது. ஏனென்றால் எல்லோருமே யாரிடமாவது வாங்கிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். பட்டாளத்தில் அவர்கள் பழகியதும் அதுதானே.

வங்கிக்காரன் என்பதால் என்னை ரொம்பக் கவர்ந்த விஷயம் இனிமேல்தான். காயம்பட்டுக் கிடக்கும் சிப்பாய்க்கு ஊனமுற்றோர் உதவித்தொகை வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். மனைவியோ அம்மாவோ வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்து தங்கவேண்டும். அந்த இடைவெளியில் வீட்டுக்கடன் தவணை யார் கட்டுவது? இதே கால்ஹூனும் கெல்லியும் இன்னும் சில காயம்பட்டவர்களும் வாஷிங்டனுக்குப் போய் எம்பிக்களைப் பார்த்து இதற்கு ஒரு காப்பீடு வேண்டும் என்று கேட்டார்கள். 2005 மே 11ம் தேதி சட்டமே ஆகிவிட்டது. பிரீமியம் மாதம் ஒரு டாலர். காயத்தைப் பொறுத்து 25,000 முதல் 1,00,000 டாலர் வரை மொத்தமாகக் கிடைக்கும். 2001 அக்டோபரிலிருந்து அந்தப் போர்களில் காயம்பட்டவர்களுக்கும் பின்தேதியிட்டுக் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஆயிரம் கருத்தரங்கு நடத்தினாலும் வந்திருக்குமா? படுக்கையில் கிடந்தவனுக்குத்தான் தவணைத் தேதி தெரியும்.

2008 ஏப்ரலில் ஜனாதிபதி புஷ் இந்தச் சைக்கிள்காரர்களை வெள்ளை மாளிகைப் புல்வெளிக்கே அழைத்தார். ஒபாமாவும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார். கால்ஹூன் பனிச்சறுக்கு வீரராகி, 2010 வான்கூவர் குளிர்கால பாராலிம்பிக்ஸில் அமெரிக்கக் கொடியைத் தூக்கிப் போனார். 2014 சோச்சியில் வெள்ளி வாங்கினார்.

கெட்டதையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் கணக்கு டேலி ஆகாது. முதுகுப்பையில் தொடங்கிய அமைப்பு கோடிக்கணக்கில் நன்கொடை வாங்கும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. மாநாடு, பயணம், விளம்பரம் என்று தாராளமாகச் செலவழிப்பதாக 2016 ஜனவரியில் பத்திரிகையிலும் டிவியிலும் செய்தி வந்தது. மார்ச்சில் நிர்வாகக் குழு மேல்மட்ட அதிகாரிகள் இருவரையும் நீக்கியது. சைக்கிள் பயணங்கள் மட்டும் நிற்கவில்லை. நன்கொடை கொடுப்பவர்கள் உருக்கமான வீடியோவோடு சேர்த்து வரவு செலவையும் பார்ப்பது நல்லது என்பது என் தொழில்முறைக் கருத்து.

நம் நாட்டில் இல்லையா என்றால், இருக்கிறது. ஹைதராபாத்தில் ஒரு காலை இழந்த சைக்கிள் வீரர் ஆதித்யா மேத்தா தொடங்கிய அறக்கட்டளை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற துணை ராணுவப் படைகளில் காயம்பட்டவர்களுக்கு சைக்கிள் பயிற்சி தருகிறது. 2020 நவம்பரில் இந்த அறக்கட்டளையின் மாற்றுத்திறனாளி சைக்கிள் வீரர்கள் ஸ்ரீநகரில் கிளம்பி, டிசம்பர் கடைசியில் கன்னியாகுமரி வந்து சேர்ந்தார்கள்.

நான் இருக்கும் புனேயிலேயே 1944ல் தொடங்கிய ராணுவ செயற்கை உறுப்பு மையமும், கட்கியில் முதுகுத்தண்டில் அடிபட்ட சிப்பாய்களுக்கான மறுவாழ்வு மையமும் இருக்கின்றன. 1965 போரில் குண்டடி பட்ட முரளிகாந்த் பேட்கர், 1972ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸில் நீச்சலில் தங்கம் வாங்கினார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது. பத்மஸ்ரீ கிடைத்தது 2018ல். நாற்பத்தாறு வருஷம்! நம் வேகம் அப்படி.

சுபேதார் சாப் ஜனவரியில் பாஸ்புக் பதிய வந்தார். இந்தத் தடவை நான் எழுந்து ஓடவில்லை. அவர் முறை வரும்வரை காத்திருந்து, வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, "சாப், காலையில் எந்த ரோடு வழியா ஓட்டறீங்க?" என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். என் மகனின் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு அவர் பின்னால் ஓட்ட முடியுமா என்பதுதான் இப்போது வீட்டில் பெரிய விவாதம்.